பாம்புக்கு விருந்து... பார்க்கக் கூடிய கூட்டம்! லண்டன் ஜூவில் ஒரு சுற்று

லண்டன் போகிறவர்கள் பாதாள ரயிலில் கேம்டன் டவுன் ஸ்டேஷனில் இறங்கி, கால்மணி நேரம் நடந்தால் போதும். ரீஜென்ட்ஸ் பார்க்கின் வடக்கு ஓரத்தில் லண்டன் மிருகக்காட்சி சாலை வந்துவிடும். 'ஹாரி பாட்டர்' முதல் படத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பாம்போடு ஹாரி பேசுவானே, அந்தக் காட்சி எடுக்கப்பட்டது இங்கிருந்த ஊர்வன இல்லத்தில்தான். 2024-ல் பாம்பு, பல்லி, தவளைகளுக்கு இங்கே புது இல்லம் திறந்தார்கள். கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கும் குழந்தைகளின் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இது என்ன சாப்பிடும்?"

அந்தக் கேள்விக்கு இந்த ஜூவிலேயே நீண்ட கதை இருக்கிறது.

டிக்கன்ஸை உலுக்கிய காட்சி

ஊர்வனவற்றுக்கென்றே தனியாக ஒரு கட்டடம் உலகில் முதன்முதலாக அமைந்தது இங்கேதான். ஆண்டு 1849. பாம்புக்கு உயிருள்ள இரையைத்தான் கொடுக்க வேண்டும் என்று நம்பிய காலம் அது. முயல், கினிப்பன்றி, பறவை எல்லாம் உயிரோடு கூண்டுக்குள் போகும். அதைப் பார்க்கக் கூட்டமும் கூடும். அப்படித் தற்செயலாகப் பார்த்துவிட்டவர்களில் ஒருவர் நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ். அந்தக் கோரம் மனதை விட்டு அகலவே இல்லை என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார்.

இரைக்கு மட்டுமல்ல, மனிதர்களுக்கும் ஆபத்து இருந்தது. 1852 அக்டோபரில் எட்வர்ட் கர்லிங் என்ற பராமரிப்பாளர், இரவெல்லாம் குடித்துவிட்டுக் காலையில் வேலைக்கு வந்தார். நாகப்பாம்பைக் கையில் எடுத்து விளையாட்டுக் காட்டினார். அது மூக்கில் கொத்திவிட்டது. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியும் பயனில்லை. பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து வந்ததே 1890-களில்தான்.

முதலையோடு பள்ளிக்குப் போன பெண்

ஜூவின் போக்கையே மாற்றியவர்களில் ஒருவர் ஜோன் பிராக்டர். சிறுமியாக இருந்தபோதே வீட்டில் பாம்பும் பல்லியும் வளர்த்தவர். ஒருமுறை குட்டி முதலையைப் பள்ளிக்கே எடுத்துப் போயிருக்கிறார்! உடல்நலக் குறைவால் கல்லூரிப் படிப்பு வாய்க்கவில்லை. ஆனாலும் 1923-ல், இருபத்தாறு வயதில், ஊர்வனப் பிரிவின் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. 1927-ல் திறந்த ஊர்வன இல்லம் அவர் வடிவமைத்தது. ஒவ்வொரு கூண்டுக்கும் ஏற்றபடி மின்சாரத்தால் வெப்பம் தரும் ஏற்பாடு செய்தார். காரணம் இருக்கிறது. பாம்பின் உடல் தானாகச் சூடு உண்டாக்காது. சூடு குறைந்தால் விழுங்கிய இரை செரிக்காது, கக்கிவிடும்.

'சும்பாவா' என்ற கொமோடோ டிராகன், நாய்க்குட்டி மாதிரி அவர் பின்னாலேயே ஜூவைச் சுற்றி வருமாம். 1931-ல், 34 வயதிலேயே பிராக்டர் மறைந்தார்.

எலி கடித்தால் பாம்பும் சாகும்

இன்று பாம்பு வளர்ப்பு ஜூவோடு நிற்கவில்லை. பிரிட்டனில் எத்தனையோ வீடுகளில் விஷமில்லாத கார்ன் ஸ்நேக்கும் ராயல் பைத்தானும் செல்லப்பிராணிகள். சாப்பாடு? உறைய வைத்த எலிதான். ரோமம் முளைக்காத 'பிங்கி' குஞ்சிலிருந்து முழு வளர்ச்சி அடைந்த எலி வரை, அளவு வாரியாகக் கடையில் கிடைக்கிறது.

உயிருள்ள எலி ஏன் வேண்டாம்? எலிமேல் இரக்கம் ஒரு காரணம். பாம்பைக் காப்பது இன்னொரு காரணம். காட்டில் என்றால் எலி தப்பி ஓடும். கண்ணாடிப் பெட்டியில் ஓட இடமில்லை, எதிர்த்துக் கடிக்கும். பசியில்லாத பாம்பு சுருண்டு கிடந்தால், எலி அதையே கொறிக்கத் தொடங்கிவிடும். காயம் சீழ்பிடித்துப் பாம்பு செத்துப்போவதும் உண்டு.

அதனால் அங்கே வளர்ப்பவர்கள் சில விதிகளைத் தவறாமல் கடைப்பிடிக்கிறார்கள்:

• எலியின் பருமன், பாம்பு உடலின் மிகத் தடித்த பகுதியைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது.

• உறைந்த எலியை மூடிய டப்பாவில் வைத்து, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் மெதுவாக இளக விட வேண்டும். பிறகு வெதுவெதுப்பான நீரில் சூடேற்றலாம். மைக்ரோவேவ் கூடவே கூடாது. வெளியே வெந்தும் உள்ளே உறைந்தும் இருக்கும்.

• கையால் நீட்டாமல் நீளமான இடுக்கியால் கொடுக்க வேண்டும். எலி வாசனை ஒட்டிய விரலும் பாம்புக்கு இரைதான்!

• விழுங்கிய பின் 2 நாள் பாம்பைத் தூக்கவே கூடாது.

• உறைய வைப்பதால் சால்மோனெல்லா கிருமி சாகாது. தீவன எலிகளிலிருந்து அது மனிதர்களுக்குப் பரவி, பிரிட்டனில் நூற்றுக்கணக்கானோர் நோய்வாய்ப்பட்டிருக்கிறார்கள். எலிக்கென்று தனிப் பாத்திரம் வேண்டும். வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் பக்கத்தில் இருக்கவே கூடாது.

இதைப் படித்துவிட்டு, 'நாமும் ஒன்று வளர்க்கலாமே' என்று வீட்டுச் சுட்டிகள் கேட்கலாம். நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வளர்ப்பது, 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பார்ப்பதற்குக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான் நமக்கு இடம்.

லண்டன் ஜூவின் கண்ணாடிக்குப் பின்னால் பெரும்பாலான நேரம் பாம்பு சுருண்டு தூங்கிக்கொண்டுதான் இருக்கும். "எழுந்திருக்கவே மாட்டேங்குதே" என்று குழந்தைகள் சலித்துக்கொள்வார்கள். வயிறு நிறைந்த பாம்புக்கு அவசரம் ஏது!