தடம் காட்டும் எண்

நெகிரி செம்பிலானின் ரந்தாவ், லாபு, சிலியாவ் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தோர்க்குக் கணக்கு என்பது வெறும் ஏட்டுக் கல்வியன்று, வயிற்றுப்பாடு. வைகறைப் பெரட்டில் பெயர் கொடுத்து, நிரையில் மரம் வெட்டி, காண்டா வாளியில் பால் சுமந்து வந்தால், கொட்டகையில் கிராணியார் எடையைக் குறிப்பார். மெட்ரோலாக் கருவியை இட்டு ரப்பர்ச் சத்தைக் கணிப்பார். 100 பங்குப் பாலில் ஏறக்குறைய 30 முதல் 40 பங்கே உலர்ந்த ரப்பர். கூலியும் அதனை ஒட்டியதே.

என் தாயாரின் ஒரு நாள் உழைப்பு வேறொருவர் எண்ணுக்கு நேரே எழுதப்பட்டுவிட்டது. தொட்டியில் ஊற்றிய பாலை இன்னார் பால் என்று எவர் பிரித்துரைக்க முடியும்? மரத்திற்கும் சம்பளத்திற்கும் இடையே தவறு எங்கே நேர்ந்தது என்று காட்ட அவரிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. அக்கூலி வரவே இல்லை.

மாணவர் உதவிநிதி விண்ணப்பங்களை ஏற்கும் செயலி ஒன்றை இன்று மேகக் கணிமைத் தளத்தில் பேணி வருகிறேன். கணினிகளைத் தளத்தாரே பார்த்துக்கொள்கின்றனர். ஆயினும், ஒரு விண்ணப்பம் நுழைவாயில், நிரல், தரவுத்தளம், அஞ்சல் சேவை எனப் பல கை மாறுகிறது. ஒவ்வொன்றும் தன் குறிப்பேட்டைத் தனியே எழுதுகிறது. இடையில் ஒன்று தடுமாறினால் மாணவர் காண்பது 'மீண்டும் முயல்க' என்னும் சொற்களை மட்டுமே.

இதற்கு மருந்துதான் தடமறிதல். வாயிலிலேயே விண்ணப்பத்திற்கு ஓர் அடையாள எண் இடப்படும். ஒவ்வொரு கட்டமும் அதனை அடுத்ததற்குக் கைமாற்றி, தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் பதியும். 32 எழுத்துகள் கொண்ட அவ்வெண்ணின் வடிவம் 2020இல் உலகளாவிய வலைத் தரமாயிற்று. தளத்தில் விசையைத் திருப்பினால் மட்டும் போதாது. நிரலுக்குள்ளும் பதிவுக் கருவியை இணைக்க வேண்டும். பதிவை அனுப்பும் அனுமதியையும் வழங்க வேண்டும். ஒரு கட்டம் எண்ணைக் கைமாற்றத் தவறினும் சங்கிலி அறுந்துபோம்.

அமேசானின் எக்ஸ்-ரே சேவை, நாம் மாற்றாதவரை, ஒவ்வொரு நொடியிலும் முதல் வேண்டுகோளையும் எஞ்சியவற்றுள் 100க்கு 5ஐயும் மட்டுமே பதியும். பொதுவான தாமதத்தை அறிய அது போதும். ஆனால், விடுபட்டவற்றுள் ஓர் ஏழை மாணவரின் விண்ணப்பம் இருந்தால்? எங்களுக்கு வரும் விண்ணப்பங்கள் சிலவே. ஆதலின் அனைத்தையும் பதியுமாறு அமைத்தேன். அடையாள அட்டை எண் மட்டும் தடத்தில் ஏறாதவாறு தடுத்தேன்.

இப்போது மாணவர் கேட்டால், அவர் விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் நின்றது என்று எங்களால் சொல்ல இயலும். கேட்பவருக்கு விடை கூறக்கூடிய கணக்கே நேர்மையான கணக்கு.