காக்கை என்னும் கப்பல்

கொங்கணக் கரையில் பிரயாணம் செய்கிறவர்கள் விஜயதுர்க்கத்தைப் பார்க்காமல் திரும்ப மாட்டார்கள். மூன்று பக்கம் கடல். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று மதில்கள். நம்முடைய செஞ்சியும் இந்தக் கோட்டையும் 2025-இல் ஒரே ஜாபிதாவில் உலகப் பாரம்பரியச் சின்னங்களாகச் சேர்க்கப்பட்டன. ஆனால் நான் அங்கே போனது கோட்டைக்காக அல்ல, கப்பலுக்காக. "இப்போது அங்கே கப்பல் ஏது?" என்று நேயர்கள் கேட்பது நியாயமே. கப்பல் இல்லைதான். அது கிடந்த தொட்டில் இருக்கிறது.

வாகோட்டண் ஆற்றுக் கழியில் படகேறிச் சிறிது தூரம் உள்ளே போனால், கரைப் பாறையை வெட்டிச் செய்த கப்பல் துறை ஒன்றைக் காணலாம். 300 அடிக்கு மேல் நீளம். சேறு மண்டிக் கிடக்கிறது. ஆங்கிரே வம்சத்தார் தங்கள் மரக்கலங்களைச் செப்பனிட்ட இடம் இதுதான்.

நான் சிறுவயதில் படித்த சரித்திரப் புஸ்தகத்தில் ஆங்கிரேயின் பெயர் தனியாக வந்ததே இல்லை. 'கடற்கொள்ளைக்காரன்' என்ற பட்டத்தோடுதான் வரும். அவர்கள் கப்பலின் அமைப்பைத் தெரிந்து கொண்டால், அந்தப் பட்டம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்று நாமே யோசித்துப் பார்க்கலாம்.

பெரிய கப்பலுக்குக் குராப் என்று பெயர். அரபு மொழியில் அதற்குக் காக்கை என்று பொருள். இரண்டு பாய்மரம் உள்ளவை 150 டன் வரையிலும், மூன்று பாய்மரம் உள்ளவை 300 டன் வரையிலும் இருந்தன. நடுவில் அகன்று, முன்னால் போகப் போகக் குறுகி, அணியம் அலகைப் போல் நீண்டிருக்கும். விசேஷம் அந்த அலகில்தான் இருக்கிறது. ஐரோப்பியக் கப்பலுக்குப் பீரங்கிகள் பெரும்பாலும் பக்கவாட்டில் இருந்தன; பின்புறத்திலோ பலம் குறைவு. குராப்பில் 9 அல்லது 12 ராத்தல் குண்டு போடும் இரண்டு பீரங்கிகள் நேர் முன்னே பார்த்துக் கொண்டிருந்தன. ஆகவே அது எதிரியின் வாலைப் பிடித்துக்கொண்டே போய், பாய்மரங்களையும் கயிறுகளையும் அடித்து முறிக்கும்.

சிறிய கலம் கல்பத். 70 டன்னுக்கு மேற்படுவது அபூர்வம். பாரம் குறைவதற்காக மேல்தளத்தைப் பிளந்த மூங்கிலால் போட்டார்கள். பெரிய முக்கோணப் பாய் ஒன்று. அத்துடன் 40, 50 துடுப்புகள். காற்று அடியோடு ஓய்ந்து, கும்பெனியின் பெருங்கப்பல் அசைய முடியாமல் நிற்கும் வேளைதான் கல்பத்துக்குச் சுபமுகூர்த்தம்! குராப்பைக் கயிறு கட்டி இழுத்து வந்து, பீரங்கிக்கு வாகான இடத்தில் நிறுத்தும். பாய்மரம் விழுந்ததும் நூற்றுக்கணக்கான வீரர்கள் வாளும் கையுமாக எதிரியின் தளத்தில் ஏறி விடுவார்கள். துரத்தினாலோ, ஆழமில்லாத கழிக்குள் நழுவி விடலாம்.

இவை மகாசமுத்திரத்தைக் கடக்கக் கட்டிய கப்பல்கள் அல்ல. சொந்தக் கரையைக் காப்பதற்கென்றே அமைந்தவை. 1729-இல் காலமான கான்ஹோஜி ஆங்கிரே மராட்டிய அரசின் கடற்படைத் தலைவர். அந்தக் கடலில் போகிறவர்கள் தம்மிடம் அநுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றார். அதே வேலையைப் போர்ச்சுகீசியர் 16-ஆம் நூற்றாண்டிலேயே செய்தார்கள். அவர்களை யாரும் கொள்ளைக்காரர் என்று சொல்லவில்லை. இதனால் ஆங்கிரேக்களை மகாத்மாக்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சீட்டில்லாமல் பிடிபட்டுச் சரக்கை இழந்த ஏழை வியாபாரிக்குச் சட்டமானால் என்ன, கொள்ளையானால் என்ன? கும்பெனியாரோ வாயால் திட்டிக்கொண்டே தாங்களும் குராப் கட்டி ஓட்டினார்கள்.

முடிவு துக்ககரமானது. கான்ஹோஜியின் புதல்வன் துளாஜி பேஷ்வாவுக்கு அடங்க மறுத்தான். பேஷ்வா அவனை அடக்குவதற்கு ஆங்கிலேயரைத் துணைக்கு அழைத்தார். வீட்டுச் சண்டைக்கு வெளியாரைக் கூப்பிட்ட கதைதான்! 1756 பிப்ரவரியில் அட்மிரல் வாட்ஸனும் கிளைவும் வந்தார்கள். துளாஜியின் கலங்கள் கோட்டையடியில் ஒன்றோடொன்று பிணைத்து நிறுத்தப்பட்டிருந்தன. ஓடிப் பிழைப்பதற்கென்றே பிறந்த கப்பல்களைக் கட்டி வைத்தால் என்ன ஆகும்? குண்டு ஒன்று, முன்பு ஆங்கிலேயரிடமிருந்து பிடித்த 'ரெஸ்டொரேஷன்' என்ற கப்பலில் விழுந்தது. அந்த நெருப்பு ஒன்றிலிருந்து ஒன்றாகப் பற்றி, கடற்படை முழுவதும் வெந்து போயிற்று. கோட்டையில் அகப்பட்ட சுமார் 10 லட்சம் ரூபாயை ஆங்கிலேயர் தங்களுக்குள் பங்கிட்டுக் கொண்டார்கள். பேஷ்வாவின் சேனைக்குப் பங்கு இல்லை. எப்படிப் பிரித்துக் கொள்வது என்று முற்றுகைக்குப் புறப்படுமுன்பே பேசி முடித்திருந்தார்களாம்! அதே வருஷம் அந்த இருவரும் சென்னையிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டுப் போனார்கள்.

துறையைச் சுற்றிப் பார்த்து முடிப்பதற்குள் நீர் வற்ற ஆரம்பித்துவிட்டது. "சீக்கிரம் ஏறுங்கள், ஐயா! இன்னும் சற்றுப் போனால் படகு நகராது" என்று படகோட்டி அவசரப்படுத்தினார். அப்பொழுதே அடிப்பலகை சேற்றில் உரசிற்று. அவர் துடுப்பை ஊன்றித் தள்ள, மெதுவாக ஆற்றுக்குள் வந்து சேர்ந்தோம்.