சொல் கேட்கும் பாட்டு

லேக் மார்க்கெட்டில் குடியிருக்கும் நம்மவர்க்கு ஊர்ப் பொருள்களுக்குப் பஞ்சமில்லை. வாழையிலையும் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும், கண்ணெதிரே அரைத்துக் கொடுக்கும் காப்பித் தூளும், சரமாகத் தொடுத்த பூவும் கால்மணி நேர நடையில் வாங்கிவிடலாம். விலைக்குக் கிடைக்காத ஊர்ப் பொருள் ஒன்று உண்டு. நம் பெரியோர் வாயில் வழங்கும் தமிழ்ச் சொல்லே அது. பள்ளியில் ஆங்கிலமும் வங்காளமும், தெருவில் வங்காளமும் இந்தியும் பேசி வீடு திரும்பும் குழந்தைகளுக்கு அச்சொல் வீட்டிலன்றி வேறெங்கும் கிட்டாது. வீட்டிலும் அது நாளுக்கு நாள் சுருங்கி, "சாப்பிடு", "குளி", "கதவைச் சாத்து" என்னும் ஏவல் அளவில் நின்றுவிடுகின்றது. இந்நிலையில் எங்கள் இல்லத்தில் ஒரு பாட்டுத் தொகுப்பு செய்த நன்மையை இவ்விதழின் அன்பர்களுக்குத் தெரிவிக்க விழைகின்றோம்.

கார்டன் ரீச்சிலுள்ள தென்கிழக்கு இரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தாவாக வேலை பார்க்கும் எங்களுக்கு, உடன் பணியாற்றும் இளைஞர் ஒருவர் பதினான்கு பாட்டுகளைத் திரட்டி ஒரு பென் டிரைவில் பதித்துத் தந்தார். ஆங்கிலம் ஏழு, இந்தி நான்கு, வங்காளம் இரண்டு, தமிழ் ஒன்று. எல்லாம் மக்கள் நன்கறிந்த பாட்டுகள். ஆனால் அவையோர் முன்னிலையில் நேராகப் பாடியவை. பெரிய வாத்தியக் கோஷ்டியின் முழக்கமின்றி, கிட்டார், பியானோ, சிறு தாளக் கருவி ஆகியவற்றுள் ஒன்றிரண்டையே துணைகொண்டு பாடியவை. ஞாயிறு மாலைதோறும் இவற்றைக் கேட்பது எங்கள் வழக்கமாயிற்று.

இவ்வகை நிகழ்ச்சிக்கு 'அன்பிளக்டு' என்று பெயர். மின் இணைப்பைக் கழற்றிவிட்டது என்பது பொருள். அமெரிக்காவில் எம்டிவி என்னும் தொலைக்காட்சி நிலையம் 1989-இல் இதனைத் தொடங்கியது. 1991-இல் பீட்டில்ஸ் குழுவைச் சார்ந்திருந்த பால் மெக்கார்ட்னி இதில் பாடியபொழுது, ஒரு பாட்டின் தொடக்கத்திலேயே சொற்கள் பிசகிப் போயின. அவர் நகைத்து, நிறுத்தி, மறுபடியும் முதலிலிருந்து பாடினார். அவ்வாண்டே வெளிவந்த இசைத்தட்டில் அப்பிசகையும் நகைப்பையும் நீக்காமல் அப்படியே வைத்தனர். மறு ஆண்டு எரிக் கிளாப்டன் பாடினார். 1970-இல் மின்கிட்டார்கள் அதிர அவர் பாடியிருந்த 'லைலா' என்னும் காதற்பாட்டு, 1992-இல் அமைதியான நடையில், ஆண்டுகள் பல கண்ட மனிதரின் குரலில் வந்தது. சொற்கள் பழையனவே, பொருள் மட்டும் முதிர்ந்திருந்தது. அந்த இசைத்தட்டு 1993-இல் ஆண்டின் சிறந்த தொகுப்பென்று கிராமி பரிசு பெற்றது. இந்நிகழ்ச்சியில் பலர் பாடியவற்றைத் திரட்டிய தொகுப்பு ஒன்றும் 1994-இல் வெளியாயிற்று. நம் நாட்டில் எம்டிவி இதனை 2011-இல் தொடங்கியது.

மின் இணைப்பைக் கழற்றியது என்று கூறினும், ஒலிபெருக்கி, ஒலிவாங்கி, பதிவுக் கருவி ஆகிய அனைத்தும் மின்சாரத்தால் இயங்குவனவே. ஆகவே பெயரில் சற்று மிகையுண்டு. மெய்யாகவே மின்சாரமின்றிப் பதிவான பாட்டுகளைத் தேடுவோர் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. நாம் வாழும் இந்நகரிலேயே அத்தகைய பாட்டுகள் பதிவாயின. 1902-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பிரெட் கெய்ஸ்பர்க் என்பவர் கிராமபோன் கம்பெனியின் சார்பாகக் கல்கத்தா வந்து, கௌஹர் ஜான் முதலானோரின் பாட்டுகளைப் பதிவு செய்தார். அக்காலத்தில் ஒலிவாங்கி கிடையாது. பெரிய ஊதுகுழலின் வாய்க்கு நேரே நின்று பாட வேண்டும். குரலின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். ஏறக்குறைய மூன்று நிமிடத்திற்குள் பாட்டை முடித்துவிட வேண்டும். பிசகினால் திருத்த வழியில்லை. புதிய மெழுகுத் தட்டில் மீண்டும் தொடங்க வேண்டியதே. கௌஹர் ஜான் பாடி முடித்ததும் தம் பெயரை ஆங்கிலத்தில் தாமே உரக்கச் சொல்வார். தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் அச்சாகி வந்தமையால், அங்குள்ளோர் பாடியவரை அறிந்துகொள்ள அது உதவிற்று என்பர். மின்சாரத்தால் ஒலிப்பதிவு செய்யும் முறை 1925-ஐ ஒட்டியே பரவியது.

வங்காளியரிடம் பாட்டின் சொல்லுக்குள்ள மதிப்பை நாம் அன்றாடம் காண்கின்றோம். இரவீந்திரர் பாட்டுகளைப் பாடிப் புகழ்பெற்ற தேவவிரத விசுவாசின் பதிவுகளுக்கு, 1960-களில் விசுவபாரதி இசைக் குழுவினர் தடை எழுப்பினர். வாத்தியங்கள் மிகுதி என்பது அவர்கள் கூறிய குறைகளுள் ஒன்று. அப்பெரும் பாடகர் மனம் நொந்து பதிவு செய்வதையே நிறுத்திக்கொண்டார். அவர் பக்கமே நியாயம் என்போர் இன்றும் இந்நகரில் பலர். எவர் பக்கம் நியாயமாயினும், ஒரு பாட்டுக்கு எத்தனை வாத்தியம் தகும் என்பதை ஒரு சமூகம் அத்துணை ஊன்றி வாதிட்டது நினைவிற் கொள்ளத்தக்கது. கிளாப்டனின் தட்டு வந்த அதே 1992-இல் இங்கே சுமன் சட்டோபாத்தியாயரின் 'தோமாக்கே சாய்' வெளியாயிற்று. பின்னாளில் கபீர் சுமன் எனப் பெயர் கொண்ட அவர், தாமே எழுதித் தாமே மெட்டமைத்துத் தாமே பாடினார். எங்கள் தொகுப்பிலுள்ள வங்காளப் பாட்டு ஒன்று, அவர் கிட்டாருடன் மேடையில் தனித்துப் பாடியது.

நம் திரையிசையும் ஒரு காலத்தில் இவ்வாறே நேரிற் பாடிப் பதிவானதன்றோ? 1950, 1960-களில் சென்னையின் ஒலிப்பதிவுக் கூடங்களில், பாடகரும் வாத்தியக்காரரும் ஒருங்கே கூடி ஒரே மூச்சில் பாட்டைப் பதிந்தனர். ஒருவர் தவறினால் அனைவரும் மீண்டும் தொடங்க வேண்டும். பிற்காலத்தில் குரலைத் தனியாகவும் வாத்தியங்களைத் தனித்தனியாகவும் பதிந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் முறை வந்தது. அதனால் விளைந்த அழகுகள் பல, அவற்றை மறுப்பதற்கில்லை. எனினும் அடுக்கு உயர உயரச் சொல் அடியிற் போய்விடுவதும் உண்டு.

இதனை எங்களுக்குக் காட்டியவர் எங்கள் தாயார். அவருக்கு அகவை எழுபதை நெருங்குகின்றது. சில ஆண்டுகளாகச் செவி மந்தம். தொலைக்காட்சியில் பாட்டு வந்தால், "ஒரே இரைச்சலா இருக்கு" என்று எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். பாட்டில் அவருக்கு விருப்பம் போய்விட்டது என்றே வீட்டில் எல்லோரும் எண்ணியிருந்தோம். செவி மருத்துவர் விளக்கிய பின்னரே காரணம் விளங்கிற்று. மூப்பினால் செவி மங்கும்பொழுது உயர்ந்த சுருதியுள்ள ஒலிகளே முதலில் மறையும். மெய்யொலிகள் பல அவ்வகையைச் சார்ந்தவை. உயிரொலி கேட்கும், மெய்யொலி கேளாது. ஆகவே ஓசை புலப்படும், சொல் புலப்படாது. பின்னணியில் வேறு ஒலிகள் மிகுந்தால் எஞ்சிய சிறிதும் மூழ்கிப்போகும். வாத்தியம் குறைந்த இத்தொகுப்பை வைத்த முதல் ஞாயிற்றுக்கிழமை, அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கூடத்தில் அமர்ந்தார். பாட்டு முடியும்வரை எழவில்லை.

முதலில் சுமனின் பாட்டு. நான்காம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகள், பாட்டை நிறுத்தி நிறுத்தி ஒவ்வோர் அடிக்கும் ஆச்சிக்குப் பொருள் சொன்னாள். நாற்பதாண்டுகள் இந்நகரில் வாழ்ந்தும் கடைத்தெரு வங்காளமே அறிந்த எங்கள் தாயார், பேத்தியிடம் பாடங் கேட்கும் மாணவியானார். அடுத்து அந்த ஒரே தமிழ்ப் பாட்டு வந்தது. 'கடல்' திரைப்படத்திற்காக வைரமுத்து எழுதி, ஏ. ஆர். இரகுமான் இசையமைத்த 'நெஞ்சுக்குள்ளே' என்னும் பாட்டு அது. படம் 2013-இல் வெளிவருமுன்னரே, 2012-இல் இரகுமானின் அன்பிளக்டு நிகழ்ச்சியில் சக்திஸ்ரீ கோபாலன் அதனைப் பாடினார். தென்கடற்கரை மீனவர் சிற்றூரைக் களமாகக் கொண்ட கதையாதலின், பாட்டின் மொழியும் அந்நாட்டுப் பெண்ணின் பேச்சு மொழியே. எங்கள் தாயாரின் பிறந்தகம் திருச்செந்தூர்ப் பக்கம்.

பாட்டில் 'முடிதல்' என்னும் வினை வருகின்றது. குழந்தைக்குத் தெரிந்த 'முடிதல்' பாடம் முடிதல், வேலை முடிதல் என்பனவே. "ஆச்சி, அந்த அக்காவுக்கு எல்லாம் முடிஞ்சு போச்சா?" என்று கவலையுடன் கேட்டாள்.

"முடிஞ்சு போவல தாயி, முடிஞ்சு வச்சிருக்கா" என்றார் எங்கள் தாயார். இரண்டு ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்துத் தம் முந்தானை நுனியில் வைத்துச் சுற்றி முடிச்சிட்டு, குழந்தையின் கையில் கொடுத்து அவிழ்க்கச் சொன்னார். சிறு விரல்களுக்கு அது எளிதில் அவிழவில்லை. "மனசுக்குள்ள ஒருத்தர இப்படித்தான் முடிஞ்சு வைப்பாக" என்றார்.

அதனைத் தொடர்ந்து அவர் கூறிய செய்தி எங்களுக்கும் புதிது. 1984-இல் மணம் முடித்து மதராசிலிருந்து ஹவுரா மெயிலில் புறப்பட்ட அன்று, அவர் தாயார் பத்து ரூபாய்த் தாள் ஒன்றை அவர் முந்தானையில் முடிந்து, "அங்க ஒனக்கு ஒத்து வரலேன்னா இத வச்சு ஒரு காயிதம் போடு" என்றாராம். சேலை மாற்றும்போதெல்லாம் அந்த முடிச்சையும் மாற்றி மாற்றி, ஓராண்டு காலம் செலவழிக்காமல் வைத்திருந்தாராம். எங்கள் பிறப்பின்போது மருந்து வாங்க அதனை அவிழ்த்தாராம். இத்தனை ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் நாங்கள் கேட்டறியாத இச்செய்தியை, ஒரு வினைச்சொல்லைப் பற்றிய குழந்தையின் ஐயம் வெளிக்கொணர்ந்தது.

கணவனை 'நீர்' என்றும் 'உம்மை' என்றும் மதிப்புடன் அழைப்பது நெல்லைச் சீமையின் வழக்கு. அதுவும் அப்பாட்டில் உண்டு. அன்று முதல் எங்கள் மகள், "நீர் எப்போ ஆபீஸ் போவீர்?" என்று எங்களைக் கேட்டு வேடிக்கை செய்கின்றாள். ஒரு குறிப்பேட்டில் ஆச்சியின் சொற்களை எழுதியும் வருகின்றாள். எழுத்துப்பிழைகள் உள்ளன. அவை நாளடைவில் திருந்தும்.

மாடியில் குடியிருக்கும் அண்ணாச்சி ஒருவர் இதனைக் கேட்டு, "கோயில் கொடையில் விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்டவர்களுக்கு இது ஒரு புதுமையா? பதினான்கில் ஒன்றுதான் தமிழ், மற்றவை எதற்கு?" என்று வினவினார். முதல் வினாவில் உண்மையுண்டு. வில்லும் உடுக்கையும் குடமும் கொண்டு கதை சொல்லும் அக்கலையில் ஒரு சொல்லும் கேளாமற் போகாது. ஆயின் கொடைவிழா ஊரில் நடக்கின்றது. எங்கள் குழந்தை இங்கே வளர்கின்றாள். இரண்டாம் வினாவிற்கு எங்கள் விடை இது: குழந்தை முதலில் ஆச்சிக்கு ஆசிரியையாக இருந்தமையாலேயே, பின்னர் நாணமின்றி மாணவியாக முடிந்தது. தான் அறிந்த மொழிக்கு வீட்டில் மதிப்புண்டு என்று கண்ட குழந்தை, பெரியவர்களின் மொழியைத் தானே கேட்டு வாங்குகின்றது. "தமிழில் பேசு" என்று நாம் நூறுமுறை அதட்டியும் பெறாத பலன் இது.

அன்பர்கள் இதனைத் தத்தம் இல்லத்திற் செய்து பார்க்கலாம். பெருஞ்செலவு ஏதுமில்லை. வாத்தியம் குறைந்த, நேராகப் பாடிய பாட்டாகத் தேர்ந்துகொள்க. ஒரு மாலைக்கு இரண்டு பாட்டு போதும். முதியவரை ஒலிபெருக்கிக்கு அருகே அமர்த்துக. குழந்தை கேட்கும்பொழுது பாட்டை நிறுத்தத் தயங்கற்க. பாட்டு மீண்டும் வரும், கேள்வி வராது. கைப்பேசி இல்லாத வீடு இன்று அரிது. ஆகவே முதியவர் தாமே ஒரு தாலாட்டோ, நடவுப் பாட்டோ, தம் ஊர்த் திருவிழாப் பாட்டோ பாடினால் உடனே பதிந்து வைக்க. குரல் நடுங்கலாம், அடி மறந்து நகைக்கலாம். அவற்றையும் நீக்காது வைத்துக்கொள்க. வரும் பொங்கல் விழாவில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, வாத்தியமின்றிப் பெரியோர் பாடவும், பாட்டில் ஒரு சொல்லுக்கேனும் பொருள் கேட்டுக் குழந்தைகள் அவைக்குக் கூறவும் ஏற்பாடு செய்யுமாறு சங்கத்தாரை வேண்டுகின்றோம். எங்கள் தாயார் பாட இசைந்துள்ளார். வேறு எவ்வெவ்வில்லங்களில் இசைவோர் உளர் என்பதை அன்பர்கள் தெரிவிப்பாராக.