தொட்டி கழுவ வந்த மீனல்ல



எங்கள் ஏழாம் தரப் பிள்ளைகளின் மீன் தொட்டி என்னாயிற்று என்று சில பெற்றோர் கேட்டிருந்தீர்கள். அதில் இருந்த நாலு கொரிடோராஸ் மீன்களில் மூன்று செத்துவிட்டன. பிழை எங்களுடையது. மற்றவர்களும் அதே பிழையைச் செய்யக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறோம்.

வாங்கும்போது கடையில், "இது அடியில் கிடக்கிற ஊத்தையைத் தின்னும், தனியாகத் தீனி தேவையில்லை" என்றார்கள். நம்பிவிட்டோம். அழகுக்காக உடைத்த கல்லை அடியில் பரப்பினோம். மேலே போட்ட தீனியைக் கப்பிகள் தின்று தீர்த்தன. இவை கீழே கிடந்து மெலிந்தன. வாயோரத்து மீசைகள் தேய்ந்துபோயின. அதற்குப் பிறகுதான் இவற்றைப் பற்றி வாசிக்கத் தொடங்கினோம்.

இவற்றின் ஊர் தென்னமெரிக்கா. அமேசன், ஒரினோகோ, பரானா ஆறுகளில் வந்து சேரும் சிற்றோடைகளிலும், வெள்ளம் ஏறும் காடுகளிலும் கூட்டம் கூட்டமாக வாழ்கின்றன. 150க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பெரும்பாலானவை நம் விரல் நீளத்தைத் தாண்டாது. 1830களில் பீகிள் கப்பலில் போன டார்வின் பிடித்துவந்த மீன்களிலும் இவற்றில் ஒரு வகை இருந்தது. அதற்கு 1842 இல் ஜெனின்ஸ் என்பவர் பெயரிட்டார். இன்று கடைகளில் அதிகம் விற்பனையாகும் புள்ளி கொரிடோராஸ் அதுதான்.

செதிலுக்குப் பதிலாக உடம்பின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு வரிசை எலும்புத் தகடுகள், கூரை ஓடு அடுக்கியதுபோல. ஆபத்து வந்தால் செட்டை முட்களை விறைப்பாக நிறுத்திக்கொள்ளும். அந்த ஓடைகளின் அடியில் மெல்லிய மணலும் உக்கிய இலைகளும்தான். மீன் மணலுக்குள் முகத்தைப் புதைத்து, மீசையால் தடவித் தேடி, புழுக்களையும் பூச்சிக் குடம்பிகளையும் தின்னும். வாய்க்குள் போன மணல் பூக்கள் வழியாக வெளியே வந்துவிடும். இப்படிப்பட்ட மீனைத்தான் நாங்கள் கூரிய கல்லின் மேல் விட்டோம்.

இன்னொன்று. அவை திடீரென்று மேலே பாய்ந்து காற்றை விழுங்கிவிட்டு இறங்கும். பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்தார்கள். கோடையில் ஓடை வற்றிக் குட்டையாகும்போது நீரில் ஒட்சிசன் குறையும். அப்போது விழுங்கிய காற்றிலிருந்து குடல் வழியாக ஒட்சிசனை எடுத்து உயிர்வாழ அல்லாஹ் கொடுத்த ஏற்பாடு அது. ஆனால் அடிக்கடி மேலே வந்தால் தொட்டி நீர் கெட்டுவிட்டது என்றும் அர்த்தம். எங்கள் மீன்கள் எத்தனையோ நாள் அதைச் சொல்லியிருக்கின்றன. எங்களுக்குத்தான் விளங்கவில்லை.

பூனையைக் கட்டிப்போட்டுத் தீனி கொடுக்காமல் விட்ட பெண்ணின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் நாங்கள். அதே வகுப்பில் இது நடந்தது வெட்கமாக இருக்கிறது.

இப்போது கல்லை எடுத்துவிட்டு, கழுவிய மெல்லிய மணல் போட்டிருக்கிறோம். தாழும் தீனியை மாலையில் போடுகிறோம். ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் நீர் மாற்றுகிறோம். தனியாக நின்றதற்குத் துணையாக, பிள்ளைகள் கன்டீன் காசைச் சேர்த்து இன்னும் ஐந்து வாங்கினார்கள். அல்ஹம்துலில்லாஹ், ஆறும் ஒன்றாகத் திரிகின்றன. மீசை தேய்ந்ததற்கும் மெல்ல வளர்கிறது.

கடைசியாக ஒரு விஷயம். 'டேங்க் கிளீனர்' என்று விற்கும் பெரிய மீன் வேறு. அதுவும் தென்னமெரிக்கக் கவச மீன்தான், ஆனால் ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் குளத்திலோ ஆற்றிலோ விட்டுவிடுகிறார்கள். நம் நாட்டு நீர்நிலைகளில் அது பரவி, மீனவரின் வலையைக் கிழிக்கிறது. தயவுசெய்து எந்தத் தொட்டி மீனையும் வெளியே விடாதீர்கள். வைத்திருக்க முடியாவிட்டால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

வீட்டில் தொட்டி உள்ளவர்கள் இன்றைக்கே அதன் அடியை ஒருதரம் பாருங்கள். வாயில்லாச் சீவன், நம் கையில் இருக்கும் அமானிதம்.