இரண்டாமவன் வந்தான்

ஓர் உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது என்பார்கள் நம் பெரியோர். ஒரு வீட்டில் இரண்டு நாய்கள் இருக்க முடியுமா? முடியும் என்பது என் கட்சி. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. யாருக்கு எது எல்லை என்பதை முதலில் வகுத்துவிட வேண்டும். இதைச் சொல்ல எனக்கு ஓரளவு உரிமையும் உண்டு, நண்பர்களே! நான் வாழும் ஊரின் பெயரே எல்லைதான். சயான் என்று நாம் வழங்கும் பெயர், எல்லை என்னும் பொருளுடைய 'ஷீவ்' என்ற மராத்திச் சொல்லின் போர்த்துகீசியத் திரிபு. பம்பாய்த் தீவுக்கும் சால்செட்டுக்கும் நடுவே இருந்த எல்லை ஊர் இது. அதைக் காக்க ஆங்கிலேயர் 17ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோட்டை, குன்றின்மேல் இன்றும் சிதைந்து நிற்கிறது.

எங்கள் வீட்டில் எட்டாண்டுகளாக முடிசூடா மன்னனாக இருந்தவன் மணி. கூடத்து நாற்காலியின் அடி, ஆச்சியின் கட்டிலோரம், சமையலறை வாசல் ஆகிய மூன்றும் அவன் ஆட்சிக்குட்பட்டவை. சென்ற மழைக்காலத்தில் எங்கள் தெரு நாய் ஒன்று வண்டியில் அடிபட்டு முன்கால் ஒடிந்து கிடந்தது. பரேலில் உள்ள பாய் சக்கர்பாய் விலங்கு மருத்துவமனைக்கு அதைக் கொண்டு சென்றோம். 1874இல் தோன்றிய பம்பாய் மிருகவதைத் தடுப்புச் சங்கத்தின் மருத்துவமனை அது. எலும்பு கூடிற்று, நொண்டல் மட்டும் போகவில்லை. இரவும் பகலும் வண்டி ஓயாத சாலையில் நொண்டி நாய் எத்தனை நாள் பிழைக்கும்? வீட்டுக்குக் கொண்டுவர அப்பாவிடம் அனுமதி கேட்டேன்.

"பதினஞ்சு நாள் தாரேன்லே. அதுக்குள்ள ரெண்டும் ஒத்துப் போகலைன்னா, வந்தது வந்த இடத்துக்கே போயிரணும்" என்றார். மேல்முறையீட்டுக்கு இடமில்லாத தீர்ப்பு!

புதியவனுக்குக் கோவிவன் என்று பெயரிட்டேன். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. ஆநிரை மீட்கும் போரில் மாண்ட வீரனோடு, கள்ளரைக் கடித்து நின்ற அவன் நாயையும் அதில் செதுக்கி, அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். அந்தப் பெயர்தான் கோவிவன். யானை போன்றவரின் நட்பை விட நாய் போன்றவரின் நட்பே கொள்ளத்தக்கது என்று நாலடியாரும் கூறுகிறதே! ஆச்சிக்கு இந்த வரலாறெல்லாம் தேவைப்படவில்லை. "கோவி" என்று சுருக்கிவிட்டாள்.

கோவியின் காது நுனியில் சிறு வெட்டு இருந்தது. கருத்தடை செய்யப்பட்ட தெரு நாய்க்கு இடும் அடையாளம் அது. 2001இல் வந்து, 2023இல் திருத்தி எழுதப்பட்ட கருத்தடை விதிகளின்படி, நாயைப் பிடித்து, அறுவை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவது வழக்கம். மணிக்கும் தடுப்பூசி முன்பே போட்டிருந்தோம். கோவிக்கு மருத்துவர் மறுபடியும் ஊசி போட்டு, குடற்புழு மருந்தும் கொடுத்தார். இவை முடியாமல் இரு நாய்களைச் சேர்க்கவே கூடாது. வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் மனிதனுக்கும் நாய்க்கும் பிழைப்பு அரிது. ஆகவே, எந்த நாய் கடித்தாலும் சோப்பும் நீரும் கொண்டு புண்ணைப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

முதல் சந்திப்பை வீட்டு வாசலில் வைக்கவில்லை. வாசல் மணியின் நாடு. அங்கே அந்நியனை நிறுத்தினால் போர்தான் மூளும். இருவருக்கும் சொந்தமில்லாத ஒரு சந்தில், விடியற்காலையில், தம்பி மணியையும் நான் கோவியையும் வாரில் பிடித்துக்கொண்டு, இருபதடி இடைவெளியில் ஒரே திசையில் நடந்தோம். நேருக்கு நேர் நிறுத்தி முகம் பார்க்க வைக்கவில்லை. நாய் உலகில் விறைத்த உடலோடு முறைத்துப் பார்ப்பது சண்டைக்கு அழைப்பு. முகத்தைத் திருப்புவதும், கொட்டாவி விடுவதும், உதட்டை நக்குவதும் பெரும்பாலும் "எனக்குச் சண்டை வேண்டாம்" என்பதற்கு அடையாளம். நான்காம் நாள் இடைவெளி ஐந்தடி ஆயிற்று. ஆறாம் நாள் இருவரும் ஒரே விளக்குக் கம்பத்தை முகர்ந்தார்கள்!

வீட்டுக்குள் கோவிக்கு இடம் பின்கட்டு. நடுவே ஒரு மரத்தட்டி. ஆனால் மணியோ முதல் மூன்று நாள் தட்டைத் தொடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். அந்த முதுகைக் கண்டபோது, நாம் ஓர் உயிரைக் காக்க மற்றோர் உயிரை வாட்டுகிறோமோ என்று என் நெஞ்சு கேட்டது. ஆகவே, பழைய உரிமைகள் ஒன்றும் பறிபோகவில்லை என்று மணிக்குக் காட்டினோம். முதல் சோறு அவனுக்கு. காலையில் அரை மணி நேரம் அவனோடு மட்டும் உலா. ஆச்சியின் கட்டிலோரம் அவனுக்கே. நான்காம் நாள் தட்டு காலியாயிற்று. அவன் உறுமினால் அதட்டவில்லை. உறுமல் நாயின் மொழி. அதை அடக்கினால் அடுத்தது அறிவிப்பில்லாத கடி!

இனி உணவு. நாய் ஓநாயின் வழிவந்தது, இறைச்சி தவிர எதுவும் ஆகாது என்பார் உளர். சோற்று மாவைச் செரிக்கும் மரபணு ஓநாயை விட நாய்க்கு மிகுதி என்று 2013இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் கண்டனர். மனிதனோடு வாழ்ந்து நாயும் சோற்றுக்குப் பழகிவிட்டது! ஆயினும் வெறும் சோறு போதாது. முட்டையோ கோழியோ சேர வேண்டும். நம் சமையலறையில்தான் ஆபத்து அதிகம். சாம்பாரிலுள்ள வெங்காயமும் ரசத்துப் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். பாயசத்துத் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டு நஞ்சு. வெந்த எலும்பு சிராய்சிராயாக உடைந்து குடலைக் குத்தும். "அப்போ மிச்சம் மீதியை என்னலே செய்ய?" என்று ஆச்சி வருந்தினாள். தெருக்குப்பையில் தின்று பழகிய கோவிக்கு, புதிய உணவைப் பழையதோடு சிறிது சிறிதாகக் கலந்து பத்து நாளில் மாற்றினோம். இரண்டு தட்டு, இரண்டு மூலை, ஒரே நேரம்.

பதினோராம் நாள், வந்த விருந்தாளி ஒருவர் அன்பு மேலிட்டு, இரு நாய்களுக்கும் நடுவே ஒரு பிஸ்கோத்தை வீசினார். அவ்வளவுதான்! கூடம் குருட்சேத்திரம் ஆயிற்று. சண்டையிடும் நாய்களுக்கிடையே கை நுழைக்கலாகாது. ஆச்சி தாம்பாளத்தைத் தரையில் ஓங்கிப் போட்டாள். அந்த ஓசையில் இருவரும் திகைத்து விலகவே, நாற்காலியை நடுவில் தள்ளினேன். மணியின் காதில் ஒரு கீறல். அப்பா ஒன்றும் சொல்லாமல் நாட்காட்டியைப் பார்த்தார். மறுநாள் முதல் மீண்டும் சந்து, மீண்டும் இருபதடி.

பதினைந்தாம் நாள் மாலை நல்ல மழை. இடி இடித்தது. இடிக்கு அஞ்சும் கோவி தட்டியருகே வந்து நடுங்கினான். மணி எழுந்தான், மறுபக்கம் வந்தான், தட்டியோடு முதுகைச் சாய்த்துப் படுத்துக்கொண்டான். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது அவர் கையில் ஒரு புதிய கழுத்துப் பட்டை இருந்தது.

அவர்கள் இன்றும் ஒரே தட்டில் உண்பதில்லை, ஒரே பாயில் படுப்பதில்லை. வேண்டியதுமில்லை. அன்பை ஆணையிட்டு வரவழைக்க முடியாது. அஞ்சாமல் உண்ணவும் உறங்கவும் ஆளுக்கோர் இடம் தந்துவிட்டால், அன்பு தன் நேரத்தில் தானே வரும். விடுதி அறையில் புதிய தோழர் ஒருவர் பெட்டியோடு வந்து நிற்கும் நாளில், இதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள், நண்பர்களே!