கோடு முழுசா இருக்கு, நெட் எங்கே?

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குப் போகும் சாலையில் இருக்கிறது எலப்புள்ளி. தமிழும் மலையாளமும் ஒரே கடைத்திண்ணையில் புழங்கும் ஊர். வடக்கே கஞ்சிக்கோட்டில் ஐஐடி. 2015இல் கோழிப்பாறைப் பக்கம் தற்காலிக வளாகத்தில் வகுப்புகளைத் தொடங்கிப் பிறகு சொந்த இடத்துக்கு வந்த நிறுவனம் அது. இன்னொரு பக்கம் 1947 முதல் நடக்கும் சித்தூர் அரசுக் கல்லூரி. எல்லை தாண்டினால் கோயம்புத்தூரின் கல்லூரிகள். இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் படிக்கப் போகும் திசை எதுவானாலும் ஹாஸ்டலில் தங்கினால் ஒரே புலம்பல்தான்: "கோடு முழுசா இருக்கு, நெட் சுத்திக்கிட்டே இருக்கு." இதற்குப் பதிலாக இரண்டு காரணங்கள் தயாராக இருக்கும். லைன் பத்தவில்லை என்பது மாணவர் சொல்வது. பசங்க படம் பார்க்கிறார்கள் என்பது நிர்வாகம் சொல்வது. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இந்தக் கோளாறு பிறந்த இடத்தைத் தேடிப் போனால் இரண்டையும் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. விடுதியைப் படிக்கிற இடமாக யாரும் கணக்கில் வைக்கவில்லை என்பதே வேர் என்ற முடிவுக்கு நான் வந்தேன். அதற்கான சான்றுகளை ஒவ்வொன்றாக வைக்கிறேன்.

முதலில் லைன். இந்தியக் கல்வி நிறுவனங்களுக்கான இணைப்பு வேலை 1986இல் எர்நெட் திட்டத்தோடு தொடங்கியது. 2010இல் மத்திய அரசு 5,990 கோடி ரூபாய் ஒதுக்கித் தேசிய அறிவு வலையமைப்பை அறிவித்தது. பல்கலைக்கழகங்களையும் ஆய்வு நிறுவனங்களையும் ஜிகாபிட் வேகத்தில் இணைப்பது அதன் குறி. கேரளத்தில் மாநில அரசின் ஃபைபர் இணையத் திட்டமான கேஃபோன் 2023 ஜூன் 5 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. 30,000 அரசு அலுவலகங்களுக்கும் 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கும் இணைப்புத் தருவது அதன் இலக்கு. மின்வாரியத்தின் கம்பங்களிலேயே ஃபைபர் கேபிளைக் கட்டி இழுத்துப் போகிறார்கள். ஆக, வளாகத்தின் வாசல்வரை கம்பியைக் கொண்டுவரும் கவலை நாட்டுக்கு நாற்பது வருடமாக இருக்கிறது. வாசலுக்கு உள்ளே என்ன ஆகிறது என்ற கவலைதான் காணோம். அதற்கு ஒரு சான்று தரமதிப்பீட்டுப் படிவத்திலேயே கிடைக்கிறது. கல்லூரிகளுக்கு மதிப்பெண் போடும் நாக் அமைப்பு 2017இல் திருத்திய கையேட்டில், நிறுவனத்துக்கு வரும் இணைய இணைப்பின் அளவு என்ன என்று ஒரு கேள்வி இருந்தது. இணைவுபெற்ற கல்லூரிக்கு நொடிக்கு 50 மெகாபிட் (எம்பிபிஎஸ்) அல்லது அதற்கு மேல் இருந்தால் முழு மதிப்பெண். ஆயிரம் பேர் படிக்கும் கல்லூரிக்கும் இருநூறு பேர் படிக்கும் கல்லூரிக்கும் அதே 50. அந்த 50இல் மூன்றாம் மாடிக் கடைசி அறைக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்று படிவம் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு எந்தக் கல்லூரி பதில் தேடும்?

வாசலுக்குள் நுழைந்தால் கம்பி முடிந்து காற்று தொடங்குகிறது. இந்தக் காற்றுவழிப் பேச்சு ஒரு பல்கலைக்கழகத் தேவையில்தான் பிறந்தது. ஹவாய்த் தீவுகளில் பரவிக் கிடந்த வளாகங்களிலிருந்து ஹோனலூலுவிலிருந்த கணினியை எட்டுவதற்காக, நார்மன் ஆப்ரம்சன் குழு 1971இல் அலோஹாநெட்டை இயக்கியது. எல்லாரும் ஒரே அலைவரிசையில் பேசலாம், மோதிக்கொண்டால் சற்றுப் பொறுத்து மீண்டும் பேசலாம் என்பது அதன் விதி. எளிமையான விதிதான், ஆனால் அந்த முறையில் அலைவரிசையின் 18 சதவீதத்துக்கு மேல் பயன்படுத்தவே முடியாது என்று கணக்கு காட்டியது. பின்னால் வந்த வைஃபை பேசும் முன் கேட்டுப் பார்க்கக் கற்றுக்கொண்டது. என்றாலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்ற ஊர்க்கூட்டத்து விதி பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. வைஃபைக்குக் கிடைத்த இடமும் சொந்த இடமில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை 1947இல் அட்லாண்டிக் சிட்டி மாநாட்டில் தொழிற்சாலை, அறிவியல், மருத்துவக் கருவிகளுக்காக ஒதுக்கப்பட்டது. மைக்ரோவேவ் அடுப்பு இன்றும் அங்கேதான் இயங்குகிறது. 1985இல் அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி உரிமம் இல்லாமலே அந்தப் பட்டையில் பேசலாம் என்று அனுமதித்தது. இடைஞ்சல் வந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும், புகார் செய்யக் கூடாது என்பது நிபந்தனை. இந்தியா 2005இல் பட்டையைத் திறந்துவிட்டபோதும் அதே நிபந்தனைதான். எனவே ஹாஸ்டலில் நாம் நம்பியிருப்பது யாருக்கும் உரிமையில்லாத பொதுப் புறம்போக்கை. புறம்போக்கில் ஒழுங்கு தானாக வராது. இடத்தை நிர்வகிப்பவர் திட்டம் போட்டால்தான் உண்டு.

திட்டம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் காகிதத்தில் போட்டே பார்க்கலாம். 1,500 பைட் கொண்ட ஒரு தரவுப் பொட்டலம் என்றால் 12,000 பிட். ரூட்டருக்குப் பக்கத்து அறையில் இருப்பவர் நொடிக்கு 54 மெகாபிட் வேகத்தில் பேசினால் அதை அனுப்ப 0.22 மில்லிநொடி போதும். நான்கு சுவர் தாண்டி இருப்பவரின் ஃபோன் 6 மெகாபிட்டுக்கு இறங்கியிருந்தால் அதே பொட்டலத்துக்கு 2 மில்லிநொடி. வைஃபை இருவருக்கும் சமமாக முறை கொடுக்கும், சமமாக நேரம் கொடுக்காது. ஒரு சுற்றுக்கு 2.22 மில்லிநொடி ஆக, இருவருக்கும் கிடைப்பது ஆளுக்கு 5.4 மெகாபிட். 54 மெகாபிட் ஃபோன் வைத்திருப்பவர் பாதியாவது கிடைக்கும் என்று நினைத்திருப்பார், பத்தில் ஒரு பங்குதான் வருகிறது. கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் 2003லேயே இதை விளக்கிக் காட்டிவிட்டார்கள். இங்கே யாரும் படம் பார்க்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தூரத்து அறையில் ஒருவர் பாடக்குறிப்பை இறக்கினாலே போதும், வரிசை முழுவதும் தேங்கிவிடும்.

அடுத்த கணக்கு இன்னும் வேடிக்கையானது. ஒவ்வொரு ரூட்டரும் நொடிக்குச் சுமார் பத்துமுறை "நான் இருக்கிறேன்" என்று அறிவித்துக்கொண்டே இருக்கும். பழைய கருவிக்கும் புரிய வேண்டுமே என்று, பல ரூட்டர்களில் இந்த அறிவிப்பு 1997இல் வந்த முதல் தரநிலையின் மிகக் குறைந்த வேகமான 1 மெகாபிட்டில் போகிறது. அறிவிப்பு 300 பைட் என்றால் 2.4 மில்லிநொடி எடுக்கும். பொது வைஃபை சரியில்லை என்று மாணவர்கள் ஆளாளுக்கு ஒரு ரூட்டர் வாங்கி வைக்க, ஒரே அலைவரிசையில் இருபது ரூட்டர்கள் காதுக்கெட்டும் தூரத்தில் சேர்ந்தால் நொடிக்கு இருநூறு அறிவிப்பு, 480 மில்லிநொடி. ஒருவர்கூட இணையத்தைத் தொடுவதற்கு முன்பே காற்றின் பாதி நேரம் காலி! கோடு முழுசாக இருந்தும் நெட் வராததன் ரகசியம் இதில் பாதி அடங்கிவிடுகிறது. ரூட்டரின் குரல் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதைத்தான் கோடு காட்டும், பேசுவதற்கு முறை எப்போது வரும் என்பதைக் காட்டாது. இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. 2.4 பட்டையில் மொத்தமே 83.5 மெகாஹெர்ட்ஸ், அதில் ஒன்றோடொன்று முட்டாத அலைவரிசைகள் மூன்றுதான். 5 கிகாஹெர்ட்ஸில் 2018 அறிவிப்புக்குப் பிறகு நம் நாட்டில் 605 மெகாஹெர்ட்ஸ் திறந்து கிடக்கிறது, ஏழு மடங்குக்கும் மேல். அந்த அலை சுவரைத் தாண்டத் திணறும் என்பது குறையாகச் சொல்லப்படுகிறது. விடுதிக்கு அதுவே வசதி: பக்கத்து அறையின் இரைச்சல் இந்த அறைக்கு அவ்வளவாக வராது. ஆனால் சில அறைகளுக்கு ஒன்று என்ற கணக்கில் சிறிய வைஃபை பெட்டிகளை வைத்தால்தான் அந்த வசதி கைகூடும். நம் விடுதிகளில் வழக்கமாகக் காண்பது மாடிப்படிப் பக்கம், வராந்தா உத்தரத்தில், தளத்துக்கு ஒரே ஒரு வெள்ளைப் பெட்டி. அதற்கும் படிப்பு மேசைக்கும் நடுவில் கான்கிரீட் சுவர், இரும்பு பீரோ, இரும்புக் கட்டில்.

அந்தப் பெட்டி ஏன் வராந்தாவில் இருக்கிறது? இந்த இடத்தில் தேடல் பொறியியலை விட்டு நிர்வாகத்துக்குள் போகிறது. வராந்தா வார்டனின் இடம், அறை மாணவரின் இடம். நம் விடுதிகள் காவல் என்ற எண்ணத்தில் கட்டப்பட்டவை. இணையமும் அந்த எண்ணத்துக்குள்ளேயே நுழைந்தது. 2008இல் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குப் பொறுப்பேற்ற மின்னஞ்சல் நவி மும்பையில் ஒரு வீட்டின் பாதுகாப்பில்லாத வைஃபை வழியாகப் போயிருந்தது. அதற்குப் பிறகு தொலைத்தொடர்புத் துறை 2009 பிப்ரவரியில் வைஃபை பயன்படுத்துபவரை அடையாளம் காண வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. பயனர்பெயர், கடவுச்சொல், மணிக்கொருமுறை திரும்பக் கேட்கும் லாகின் பக்கம் எல்லாவற்றுக்கும் வலுவான நியாயம் கிடைத்தது அப்போதுதான். அந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் யார் வந்தார், எத்தனை மணிக்கு வந்தார், எந்தத் தளத்தைப் பார்த்தார் என்று கவனிக்க ஆள் இருக்கும்போது, வந்தவருக்கு நெட் கிடைத்ததா என்று கவனிக்க யாருமில்லை என்பதே என் வாதம்.

இந்த மனப்போக்கு நீதிமன்றத்தின் முன்னால் ஒருமுறை வெளிப்படையாகவே வந்து நின்றது. கோழிக்கோடு சேளன்னூரில் உள்ள ஸ்ரீநாராயணகுரு கல்லூரியின் பெண்கள் விடுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை கைப்பேசிக்குத் தடை இருந்தது. 2019இல் அந்த நேரம் மாலை 6 முதல் இரவு 10 வரை என்று மாறியது. அதாவது படிக்கிற நேரத்தில் தடை. இளநிலை மாணவியருக்கு விடுதியில் மடிக்கணினியும் கூடாது. இதை ஏற்க மறுத்ததால் வெளியேற்றப்பட்ட மாணவி தொடுத்த ஃபஹீமா ஷிரின் வழக்கில், 2019 செப்டம்பர் 19 அன்று நீதிபதி பி.வி. ஆஷா தீர்ப்பளித்தார். இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையிலும், அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்றது தீர்ப்பு. மாணவியை விடுதியில் மீண்டும் சேர்க்கவும் உத்தரவிட்டது. வைஃபை வேகம் பற்றி அந்த வழக்கில் பேச்சே இல்லை. இருந்தும் என் தேடலுக்கு அதைவிடப் பொருத்தமான ஆவணம் கிடைக்கவில்லை. ஒழுங்கு என்ற பெயரில் படிப்பின் வழியை அடைக்கக் கூடாது என்றால், அக்கறையின்மையால் அடைபட்டுக் கிடக்கும் வழிக்கும் அந்த நியாயம் பொருந்தத்தானே வேண்டும்?

எதிர்வாதங்கள் மூன்று. ஒன்று, பசங்க படம் பார்க்கிறார்கள். பார்க்கிறார்கள்தான், இரவு எட்டு மணிக்கு மேல் ஏறும் சுமையில் பெரும்பங்கு பொழுதுபோக்காகவே இருக்கலாம். ஆனால் படிப்பும் இன்று காணொளியாகத்தான் வருகிறது. அரசே 2017இல் இணையவழிப் பாடங்களுக்காக ஸ்வயம் தளத்தைத் தொடங்கியது. யுஜிசி 2021 விதிகளில் ஒரு பருவத்துப் பாடங்களில் 40 சதவீதம் வரை அதன் வழியாகப் படிக்கலாம் என்று அனுமதித்தது. பாடத்தைத் திரைக்கு அனுப்பிவிட்டுத் திரையைச் சந்தேகப்படுவது முறையாகாது. ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று காற்றைச் சமமாகப் பங்கிடும் வசதி நல்ல கருவிகளில் இருக்கிறது. யார் என்ன பார்க்கிறார் என்று வேவு பார்க்காமலே ஒருவரின் படம் இன்னொருவரின் பாடத்தை விழுங்காமல் தடுக்கலாம்.

இரண்டு, மொபைல் டேட்டா மலிவாகிவிட்டது, வைஃபை எதற்கு? 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் விலை சரிந்தது உண்மை. ஆனால் தினசரி இரண்டு ஜிபி என்பது தெளிவான படத்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பாடத்துக்குத்தான் வரும். செல்பேசிக் கோபுரமும் பகிரப்படும் காற்றே. முந்நூறு பேர் தங்கிய கட்டடம் மாலையில் அதன்மேல் மொத்தமாகச் சாயும். விடுதிக் கட்டணத்தில் ஒருமுறை, ரீசார்ஜில் ஒருமுறை என்று இரட்டிப்பாகக் கொடுக்க எல்லார் வீட்டிலும் முடியாது. இடுக்கியின் தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து படிக்க வருபவருக்கு அந்த ரீசார்ஜ் தொகை சின்னத் தொகையில்லை.

மூன்று, பணம். இதுதான் கனமான எதிர்வாதம். அறைக்கு அறை கேபிள் இழுக்கவும் பெட்டிகள் வாங்கவும் செலவாகும். அரசு விடுதிகளுக்கு அது சுலபமில்லை. ஆனால் செலவில்லாத வேலைகளே முதலில் செய்யப்படவில்லை. 1 மெகாபிட் வேகத்தை அணைப்பது, 1, 6, 11 என்ற மூன்று அலைவரிசைகளை அடுத்தடுத்த பெட்டிகளுக்கு மாற்றி மாற்றிக் கொடுப்பது, பெட்டியின் பலத்தைக் குறைத்து ஒன்றின் எல்லைக்குள் மற்றொன்று நுழையாமல் செய்வது எல்லாம் ஓர் ஆள் சில நாட்களில் அமைக்கக்கூடியவை. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1990களில் அலெக்ஸ் ஹில்ஸ் குழு வளாக வைஃபையை அமைத்தபோது, கட்டடத்துக்குள் நடந்து அளந்து பார்த்தே பெட்டிகளின் இடத்தையும் அலைவரிசையையும் முடிவு செய்தார்கள். அந்த அளவெடுப்புக்கு இன்று ஒரு கைப்பேசி போதும்.

ஆகவே கேட்க வேண்டியது அதிக எம்பிபிஎஸ் அல்ல. தரமதிப்பீட்டுப் படிவத்தில் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்ல வேண்டும்: இரவு ஒன்பது மணிக்கு, கதவைச் சாத்திய விடுதி அறையில், படிப்பு மேசையில் கிடைக்கும் வேகம் என்ன? பல்கலைக்கழகங்கள் அந்த எண்ணைத் தளம்வாரியாகப் பருவத்துக்கு ஒருமுறை அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். எண் மதிப்பெண்ணாக மாறிய அன்றைக்கே வராந்தாப் பெட்டிகள் அறைப் பக்கம் நகரத் தொடங்கும், ஏனென்றால் நம் நிறுவனங்கள் படிவத்துக்குத்தான் அசைகின்றன. படிவமோ இதுவரை வாசலோடு நின்றுவிட்டது.