தாத்தாவின் பிளசரும் என் அரியர் பேப்பரும்



மன்ற மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று செயலாளர் மூன்று முறை கேட்டுவிட்டார். எனக்குக் கவிதை வராது. காதலும் இதுவரை வரவில்லை. வந்ததெல்லாம் எலக்ட்ரிக்கல் பேப்பரில் ஒரு அரியரும், வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய காரும்தான். ஆகவே அந்த இரண்டையும் பற்றியே எழுதுகிறேன். சிரித்தாலும் பரவாயில்லை, கடைசி வரை படித்துவிட்டுச் சிரியுங்கள்.

காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊர். அங்கே வயதானவர்கள் இன்னும் காரைப் 'பிளசர்' என்றுதான் சொல்வார்கள். என் தாத்தா பதினைந்து வயதில் ஒரு பெரிய வீட்டில் கிளீனர் பையனாகச் சேர்ந்து, பிறகு அதே வீட்டின் டிரைவர் ஆனவர். 1978-ல் அந்த வீட்டார் ஊரைவிட்டுக் கிளம்பியபோது, பாக்கிச் சம்பளத்துக்குப் பதிலாக அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனதுதான் இந்தக் கார். 1948-ஆம் வருஷத்து பிளைமவுத். பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி 1947 முதல் அமெரிக்க கிரைஸ்லர் கம்பெனியின் வண்டிகளைப் பூட்டி விற்றது. அந்த வழியில் வந்த வண்டி. அமெரிக்காவில் பிளைமவுத் என்ற பெயரையே 2001-ல் மூடிவிட்டார்கள். எங்கள் கொட்டகையில் மட்டும் மூடவில்லை.

மெக்கானிக்கல் மாணவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. ஆறு சிலிண்டர். விட்டம் மூன்றேகால் அங்குலம், ஸ்ட்ரோக் நாலு அங்குலம் மூணு நூல். பெருக்கிப் பாருங்கள், 217.8 கன அங்குலம் வரும். நம் கணக்கில் சுமார் 3.6 லிட்டர். ஆனால் அமுக்க விகிதம் வெறும் 6.6 தான். வால்வுகள் பக்கவாட்டில் இருக்கும். பெரிய உடம்பு, சாதுவான குணம்.

எங்கள் ஊர்ப்பக்கம் மாப்பிள்ளை அழைப்பு என்றால் ஒரு காலத்தில் தாத்தாவின் பிளசர்தான். வெள்ளை வேட்டி சட்டையில் அவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால் மாப்பிள்ளைக்கு இணையாக ஒரு கம்பீரம் இருக்கும் என்று அம்மா சொல்வாள். அதெல்லாம் 2011 வரைக்கும். அந்த வருஷம் ஒரு அழைப்பில், கோயில் வாசலில் மாலை போடுவதற்காக வண்டியை நிறுத்தினார். மறுபடி பொத்தானை அழுத்தியபோது செல்ப் மோட்டார் 'உர்ர்... உர்...' என்று முனகிவிட்டு நின்றுவிட்டது. மேளக்காரர்கள் வாசிப்பை நிறுத்திவிட்டார்கள். எட்டுப் பையன்கள் சேர்ந்து, மாப்பிள்ளையோடு காரைத் தள்ளினார்கள். "வண்டிக்கும் வயசாச்சு, டிரைவருக்கும் வயசாச்சு" என்று யாரோ சொன்னார்கள். ஊரே சிரித்தது. அப்புறம் யாரும் கூப்பிடவில்லை.

நோய் இதுதான். காலையில் குளிர்ந்திருக்கும்போது எப்படியோ ஸ்டார்ட் ஆகிவிடும். பத்து கிலோமீட்டர் ஓடி இஞ்சின் சூடான பிறகு அணைத்தால், மறுபடி கிளப்ப முடியாது. ஒரு மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். வந்து பார்த்த ஒரு மெக்கானிக், "இஞ்சின் டைட், ரீபோர் பண்ணணும், ஒண்ணே கால் லட்சம் ஆகும்" என்றார். இன்னொருவர், "இதைத் தூக்கிப் போட்டுட்டு ஒரு டீசல் இஞ்சினை வைங்க" என்றார். தாத்தா மட்டும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: "இஞ்சின்ல ஒரு குத்தமும் இல்ல." பதின்மூன்று வருஷம் சொன்னார். யாரும் காது கொடுக்கவில்லை.

2024 மே மாத விடுமுறையில் ஊருக்குப் போனபோது அப்பா சொன்னார்: "கொட்டகையைப் பிரிச்சு ரூம் எடுக்கணும். காயலான் கடைக்காரர் திங்கக்கிழமை வர்றார். எடை போட்டுத் தூக்கிட்டுப் போயிடுவார்." தாத்தா திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எண்பத்து மூன்று வயது. ஒன்றும் பேசவில்லை. அன்று சனிக்கிழமை. எனக்கு ஒன்பது நாள் இருந்தது.

முதல் மூன்று நாள் நான் செய்ததை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கண்டன்சரை மாற்றினேன். ஆறு பிளக்கையும் மாற்றினேன். கார்பரேட்டரைப் பிரித்துக் கழுவினேன். கையில் இருந்த பணம் கரைந்ததே தவிர நோய் அப்படியே இருந்தது. செல்ப் மோட்டாரே சுற்றத் திணறும்போது பிளக்கை மாற்றி என்ன பயன் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏதோ செய்கிறோம் என்ற திருப்தி மட்டும் இருந்தது.

நாலாம் நாள், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கச் சக்கரத்தைக் கழற்றப் போனேன். வலது பக்கச் சக்கரம் ஒழுங்காக வந்தது. இடது பக்கம் போல்ட்டு அசையவில்லை. ஸ்பேனர் மேல் ஏறி நின்று ஒரு மிதி மிதித்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். போல்ட்டுத் தலை தனியாகத் தெறித்து விழுந்தது.

"டேய், அந்தப் பக்கம் எடக்கை மரைடா! காலையிலயே சொன்னேன், கேட்டியா?" என்று திண்ணையிலிருந்து தாத்தா கத்தினார். விழுந்த தலையை எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். 'எல்' என்று ஆங்கில எழுத்து பொறித்திருந்தது. அந்தக் காலத்து கிரைஸ்லர் வண்டிகளில் இடது பக்கச் சக்கரங்களுக்கு இடக்கை மரைதான். ஓட்டத்தில் தானாகக் கழலக்கூடாது என்பதற்காக. நானோ நன்றாக முறுக்கி இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். தாத்தா காலையில் சொன்னது உண்மைதான். நான்தான் செல்போனைப் பார்த்துக்கொண்டு "ம்... ம்..." என்றிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முதல் முறையாக ஒழுங்காகக் கேட்டேன். "தாத்தா, செல்ப் எப்போதிலிருந்து இப்படி முனகுது?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "2010-ல புது பேட்டரி போட்டோம். அதுக்கப்புறந்தான்" என்றார். இந்தக் கேள்வியை ஒரு மெக்கானிக்கும் கேட்கவில்லை. முதல் நாளே நானும் கேட்டிருக்க வேண்டும்.

மறுநாள் ஸ்பேனரைத் தொடவில்லை. மீட்டர்களை மட்டும் எடுத்தேன். நண்பனின் அப்பா ஒர்க்‌ஷாப்பிலிருந்து கம்ப்ரஷன் கேஜ் வாங்கி வந்து ஆறு சிலிண்டரையும் பார்த்தேன். எல்லாமே 95-க்கும் 105-க்கும் நடுவில் நின்றன. 6.6 விகிதமுள்ள இஞ்சினுக்கு இது நல்ல ஆரோக்கியம். ரிங்கும் வால்வும் சரி. ரீபோர் தேவையே இல்லை. தாத்தா சொன்னது மெய்.

அடுத்தது மின்சாரம். இந்தக் கார் ஆறு வோல்ட். பிளைமவுத் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாறியது 1956 மாடலில்தான். அது மட்டுமல்ல, இதில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் எர்த். நமக்குப் பழக்கமான வண்டிகளுக்கு நேர்மாறு. இஞ்சினைச் சூடேற்றி அணைத்தேன். டிஸ்ட்ரிபியூட்டரின் நடு வயரைக் கழற்றி எர்த்தில் வைத்தேன், இஞ்சின் கிளம்பிவிடக் கூடாதே. தாத்தாவை உள்ளே உட்காரவைத்து, "நான் சொல்றப்போ பொத்தானை அழுத்துங்க தாத்தா, அஞ்சு எண்ணிட்டு விடுங்க" என்றேன்.

செல்ப் முனகிக்கொண்டிருக்கும்போதே அளந்தேன். பேட்டரியில் 5.1 வோல்ட். செல்ப் மோட்டாரில் 3.7 தான். நடுவில் 1.4 வோல்ட் காணாமல் போயிருந்தது! பேட்டரி பாசிட்டிவுக்கும் இஞ்சின் உடம்புக்கும் நடுவில் 0.8. நெகட்டிவுக்கும் செல்ப் டெர்மினலுக்கும் நடுவில் 0.6. கேபிளைத் தொட்டேன். சுட்டது. செல்ப்புக்குப் போக வேண்டிய மின்சாரம் வழியிலேயே சூடாகிச் செத்துக்கொண்டிருந்தது. இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஏதோ சமாளித்திருக்கிறது. சூட்டில் செப்பின் தடை கூடும். அங்கேதான் தோற்றிருக்கிறது.

நண்பர்களே, இதுதான் நான் அரியர் வைத்த பாடம். வோல்டேஜ் டிராப். பரீட்சைக்கு மனப்பாடம் செய்து, பரீட்சை ஹாலில் மறந்து, கடைசியில் கொட்டகையில் கையைச் சுட்டுக்கொண்டு படித்தேன்.

சந்தோஷத்தில் துள்ளிக் குதித்துவிட்டேன். அப்பா, அம்மா எல்லோரும் கேட்கும்படி, "கண்டுபிடிச்சிட்டேன்! பன்னிரண்டு வோல்ட் வண்டிக்குப் போடுற சின்ன கேபிளை எவனோ மாட்டியிருக்கான். எந்த மடையன் இதைப் பாக்காம விட்டது?" என்று கத்தினேன்.

தாத்தா காரிலிருந்து மெதுவாக இறங்கினார். "நான்தான்" என்றார். "நான் நின்னு பாத்துத்தான் மாட்டினது. பேட்டரி கொண்டு வந்த பையன் எர்த்தை மாத்திக் கொடுத்துட்டான். ஹெட்லைட்டைப் போட்டேன், ஆம்ப் மீட்டர் முள்ளு டிஸ்சார்ஜ் பக்கம் போகாம சார்ஜ் பக்கம் போச்சு. தப்புன்னு கண்டுபிடிச்சு மாத்த வச்சேன். அந்தப் பெருமையில கேபிளோட கனத்தைப் பாக்கல."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று ராத்திரி சாப்பிட வரவில்லை. பதின்மூன்று வருஷம் வண்டிக்காக வாதாடியவர். வண்டி நிரபராதி என்று நிரூபித்த கையோடு, அவரைக் குற்றவாளியாக நிறுத்திவிட்டேன். என் அளவு சரிதான். அதைச் சொன்ன விதம்தான் தப்பு. அந்த ராத்திரி எனக்கும் தூக்கம் வரவில்லை.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கொட்டகையில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், தாத்தா ஒரு சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அந்தப் பழைய கேபிள்! மேல் உறை வெடித்து, கம்பி பச்சை பூத்திருந்தது. ஆனால் கனம் கட்டைவிரல் அளவு. இப்போது மாட்டியிருந்ததோ சுண்டுவிரல் அளவு. என் முகத்தைப் பார்க்காமல், "இதே கனத்துல வாங்கிட்டு வாடா" என்றார்.

"மன்னிச்சுக்குங்க தாத்தா" என்றேன்.

"மன்னிப்பு கெடக்கட்டும். எர்த்து உக்கார்ற எடத்துல பெயிண்ட் இருக்கு பாரு, அதைச் சுரண்டு" என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதே பவருக்கு வோல்ட் பாதியானால் கரண்ட் இரண்டு மடங்கு. இழப்பு அதே விகிதத்தில் இருக்க வேண்டுமானால் கம்பியின் குறுக்குவெட்டு நான்கு மடங்கு வேண்டும். மாட்டியிருந்தது 16 சதுர மில்லிமீட்டர். நான்கு மடங்கு 64. கடையில் கிடைக்கும் அளவு 70. காரைக்குடியில் கார் கடைகளில் இல்லை என்றார்கள். வெல்டிங் சாமான் விற்கும் கடையில் 70 அளவு செப்பு கேபிள் கிடைத்தது. லக் எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. எர்த் இடத்தை உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியும் வரை தேய்த்தேன். இறுக்கிய பிறகு துரு ஏறாமல் வாசலின் தடவினோம். மறுபடி அளந்தேன். பேட்டரியில் 5.2, செல்ப்பில் 4.9. இழப்பு வெறும் 0.3.

உடைந்த போல்ட்டுக்குப் பதில் ஒன்றைத் தாத்தாவின் தகர டப்பாவிலிருந்தே எடுத்தோம். அந்த டப்பாவில் இல்லாத சாமான் கிடையாது. இந்த முறை எந்தப் பக்கம் முறுக்குவது என்று கேட்டுவிட்டுத்தான் முறுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நான் ஓட்டினேன். பக்கத்தில் தாத்தா. 2011-க்குப் பிறகு அந்தக் காரில் ஏறாத அப்பா, என்ன நினைத்தாரோ, தானாக வந்து பின் சீட்டில் உட்கார்ந்தார். பதினைந்து கிலோமீட்டர் சுற்றிவிட்டுத் திரும்பும்போது, "கோயில் வாசல்ல நிறுத்து" என்றார் அப்பா. அதே இடம். நிறுத்தினேன். "அணைச்சிடு" என்றார். அணைத்தேன். பத்து நிமிஷம் மூவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். இஞ்சினிலிருந்து சூடு முகத்தில் அடித்தது. பூக்கடைக்காரம்மா கூட எட்டிப் பார்த்தார்.

"தாத்தா, நீங்க அழுத்துங்க" என்றேன்.

அவர் கை நடுங்கியது. வயதினால்தான் என்று நினைக்கிறேன். பொத்தானை அழுத்தினார். செல்ப் ஒரே மூச்சில் சுற்றியது. இஞ்சின் பிடித்துக்கொண்டது.

தாத்தா ஒன்றும் சொல்லவில்லை, தோள் துண்டால் டாஷ்போர்டைத் துடைத்தார். வீட்டுக்கு வந்து இறங்கியதும் அப்பா, "அந்தக் காயலான் கடைக்காரருக்கு போன் போட்டு வர வேண்டாம்னு சொல்லிடு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, தாத்தாவைப் பார்த்து, "ரூமை அந்தப் பக்கம் எடுத்துக்கலாம்ப்பா" என்றார். தாத்தா அன்று இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

அந்த வருஷக் கடைசிப் பரீட்சையில் என் அரியரும் பாஸாகிவிட்டது. மார்க் எவ்வளவு என்று கேட்காதீர்கள், பாஸ் பாஸ்தான்.

நண்பர்களே, நாளை நாம் எல்லோரும் ஏதாவது ஒரு மிஷின் முன்னால் நிற்கப் போகிறோம். எதையும் மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள். அளப்பதற்கு முன், அதோடு வாழ்ந்தவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். பிழை கிடைத்துவிட்டால், கத்துவதற்கு முன் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று ஒரு முறை திரும்பிப் பாருங்கள். முதல் இரண்டும் நம் பாடப் புத்தகத்தில் எங்காவது இருக்கும். மூன்றாவதை நான் கொட்டகையில்தான் படித்தேன்.

- மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்